சைக்கிள் ட்யூப் சுற்றிய ஸ்டீரிங்

"தாயி, உன்கிட்ட இருக்கிறதுலயே பெரிய ஸ்டெபிலைசரா ஒண்ணு எடுத்து மாட்டு. இன்னிக்கே மாட்டு!"

ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே வீரணன் கத்தினார்.

மேலூத்து மலைக்கு இருக்கிற ஒரே ஃபோர் வீல் ஜீப் அவருடையது. அரிசி ஏறுவதும் அதில்தான், ஏலக்காய் இறங்குவதும் அதில்தான். அதனால் மனுஷனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

பட்டறைக்காரி பவளக்கொடி அவரைவிட பதினெட்டு வயசு சின்னவள். அடிவாரத்து டிரைவர்கள் எல்லாரும் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீரணன் மட்டும் கூப்பிட மாட்டார். வீம்பு, வேறென்ன?

"எதுக்குண்ணே ஸ்டெபிலைசர்?" என்றாள் பவளக்கொடி.

"ஸ்டீரிங் ஆடுது."

"எப்போதிருந்து?"

"தையில லேசா ஆடிச்சு. பங்குனியில கொஞ்சம் கூட. இப்போ ஒரு குழியில இறங்கினா போதும், சாமி வந்த மாதிரி ஆடுது."

"இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?"

"பிடிச்சுக்கிட்டேன்."

அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தினார் பாருங்கள், பதக்கம் குத்தாததுதான் பாக்கி.

பவளக்கொடி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டீரிங் வளையத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூப் கனமாகச் சுற்றியிருந்தது.

"இது?"

"கை வழுக்காம இருக்க நானே சுத்தினது. ஆட்டம் கூடக் கூட ஒரு சுத்து கூட்டிக்கிட்டே வந்தேன்."

"சரி, இன்னிக்கு மட்டும் என்னண்ணே அவசரம்?"

வீரணன் குரல் இறங்கிவிட்டது.

"என் மருமக ஜீப்புல ஏற மாட்டேங்குறா தாயி. நிறைமாசம். மகன் திருப்பூர்ல கெடக்கான். நாளைக்கு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயாகணும். டோலி கட்டுங்க, அதுலயே இறங்கிக்கிறேன்னு நிக்கிறா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'உங்க வண்டியில வர மாட்டேன் மாமா'ங்கிறா. அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்குறா. வாசல்ல ஜீப்பு நிக்குது, என் வீட்டுப் பிள்ளை மூங்கில்ல தொங்கிக்கிட்டு இறங்குறதா? ஊர்ல யார் முகத்துல முழிப்பேன்?" தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "ஊரை விடு. பாதி வழியில பிள்ளைக்கு வலி கண்டுட்டா நான் என்ன செய்வேன்?"

கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பாசமான பிள்ளை தாயி. ரெண்டு மாசமா எனக்குச் சோத்தைப் பிசைஞ்சே தட்டுல வைக்கிறா. நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவளா செய்றா."

பவளக்கொடி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போய் மூன்று ஸ்டெபிலைசர்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். உள்ளே எண்ணெய். ஸ்டீரிங் கம்பிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் மாட்டினால் சக்கரத்தின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். ஒன்று மெலிசு. ஒன்று தடி. இன்னொன்று இரட்டைக் குழாய், பளபளவென்று சிவப்புப் பூச்சு.

வீரணன் சிவப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதான்."

"இதை மாட்டினா ஆட்டமே தெரியாதுண்ணே."

"அதானே வேணும்!"

"அதான் எனக்குப் பயமாருக்கு."

வீரணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கையைக் காட்டுங்க," என்றாள்.

"என்ன, ரேகை பாக்கப் போறியா?"

"விரலை நீட்டுங்க."

நீட்டினார். பாதிதான் நீண்டது. பத்து விரலும் உள்வாட்டில் வளைந்தே நின்றன, இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

"மலை இறங்கினா இப்படித்தான். ராத்திரி எண்ணெய் தேய்ச்சா சரியாயிரும்."

பவளக்கொடி ஒரு சாக்கைத் தரையில் விரித்தாள்.

"அடியில படுங்க."

"நானா? மெக்கானிக்கு நீயா நானா?"

"படுங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். அவள் மேலே ஏறி ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"முன்சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற கம்பி தெரியுதா? அதோட முனையில ஒரு மூட்டு இருக்கும். அதுல கை வைங்க."

"வெச்சுட்டேன்."

அவள் ஸ்டீரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. கல்லு மாதிரி இருக்கு."

"பிடிச்சிருக்கீங்களா?"

"பின்னே? நல்லா இறுக்கித்தான்."

"பிடிக்காதீங்க. ரெண்டு விரலால தொடுங்க."

அடியில் அவர் பிடியை விட்டார். அவள் மறுபடியும் அசைத்தாள்.

டக்.

"அட!"

டக். டக்.

"அட பாவி! மூட்டு கழண்டு ஆடுதே! இது அத்துக்கிட்டா சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்ல போகும்! தாயி, கொண்டை ஊசி வளைவுல..."

வெளியே வந்து சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் கிரீஸ், கண்ணில் தண்ணீர்.

"தையிலேருந்து ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே இந்த வண்டி!"

"சொல்லிக்கிட்டுத்தாண்ணே இருந்திருக்கு. நீங்க சுத்துமேல சுத்து சுத்தி அது வாயைக் கட்டிட்டீங்க."

பகல் முழுக்க வேலை நடந்தது. இரண்டு பக்க மூட்டையும் மாற்றினாள். சக்கரத்தை நேர்படுத்தினாள். கல் பரப்பிய பின்தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் இல்லை.

திரும்பி வந்ததும் அவள் மெலிசான ஸ்டெபிலைசரை எடுத்தாள்.

"அதான் சரியாயிருச்சே, இப்போ எதுக்கு?"

"இப்பத்தான் மாட்டலாம். பாதையில கல்லு கெடக்கத்தான் செய்யும். அந்த உதறலை இது வாங்கிக்கட்டும்."

"சிவப்பு?"

"அது பாதையையே மறைச்சிரும்."

சக்கரத்தை நேரே நிறுத்தி, குழாயின் தண்டு பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி அளந்து மாட்டினாள். ஸ்டீரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பார்த்தாள், வலப்பக்கமும் பார்த்தாள். எங்கும் முட்டவில்லை.

பிறகு பிளேடை எடுத்து, ஸ்டீரிங்கில் சுற்றியிருந்த ட்யூபை ஒரே கிழியாகக் கிழித்தாள்.

"ஐயோ, வாத்தியாரம்மா!"

வாய் தவறி வந்துவிட்டது. வீரணன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"நான் எதைப் பிடிச்சு ஓட்டுவேன்?"

பவளக்கொடி அவரைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான்.

வழி நெடுக விரலை இறுக்காமலே ஓட்டி, இருட்டுவதற்குள் மேலூத்து போய்ச் சேர்ந்தார். வாசலில் இரண்டு பேர் மூங்கிலில் போர்வை கட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் முத்துப்பேச்சி இடுப்பில் கை வைத்து நிலைப்படியில் நின்றாள்.

வீரணன் குதித்து இறங்கினார்.

"தாயி, எல்லாம் மாத்தியாச்சு! மூட்டு புதுசு, ஸ்டெபிலைசர் புதுசு! வந்து பாரு, சும்மா வெண்ணெய் மாதிரி திரும்புது!"

முத்துப்பேச்சி ஜீப்பைப் பார்க்கவே இல்லை.

"கையைக் காட்டுங்க மாமா."

வீரணன் திகைத்துப்போய் நீட்டினார்.

பத்து விரலும் நேராக விரிந்தன.

அவள் நன்றாகப் பார்த்தாள். போர்வை கட்டுகிறவர்களிடம், "அண்ணே, அவுத்துருங்க," என்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

"காலையில வெரசா கிளம்பிருவோம் மாமா," என்றாள். "இன்னிக்குச் சோத்தை நீங்களே பிசைஞ்சுக்கோங்க."