முதலாளி மெத்தைக்குக் கீழே

ஒரு ஊர்ல ஒரு பெரிய சேலைக் கடை இருந்துச்சாம். அரண்மனைக்கே அங்கிருந்துதான் சேலை போகும். மொதலாளி பேரு பொன்னம்பலம். சேலை வாங்க வந்தவங்க பாயில உட்காருவாங்க, மொதலாளி மெத்தையில உட்காருவான், அவனோட பூனை திண்டுல உட்காரும். வேலை பாக்குற பொம்பளைங்க மட்டும் உட்காரவே கூடாது! கடை திறந்ததுல இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நிக்கணும். எங்கயாச்சும் கேட்டிருக்கியா இந்த அநியாயத்தை?

அங்க காத்தாயின்னு ஒருத்தி ஏழு வருஷமா சேலை விரிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. போன வருஷம் நின்னு நின்னே வயித்துப் புள்ள கலைஞ்சு போச்சு. இப்ப மறுபடியும் ஆறு மாசம். காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. இதுவாச்சும் தங்கணுமேன்னு அவளுக்கு ஒரே பயம்.

திங்கக்கிழமை போயி, "மொதலாளி, கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"ன்னா.

"நீ உட்கார்ந்தா கடையில இருக்கற லட்சுமி எழுந்து போயிருவா. நில்லு!"

செவ்வாக்கிழமை கேட்டா. "லட்சுமி போயிருவா. நில்லு!"

புதன்கிழமை அழுதுகிட்டே கேட்டா. "நிக்க முடியாதவளுக்கு இங்க என்ன வேலை? ஆயுத பூஜை முடிஞ்சதும் வீட்டைப் பாத்துப் போ"ன்னுட்டான்.

அடப்பாவி! புள்ளத்தாச்சிகிட்ட பேசற பேச்சா அது? பூனை உட்கார்ந்தா போகாத லட்சுமி, இவ உட்கார்ந்தாத்தான் போவாளாக்கும்!

அப்பறம் பூஜைக்குக் கடை கழுவுற நாள் வந்துச்சு. மொதலாளி மெத்தையை மட்டும் யாரும் தொடக் கூடாது, ராசியான எடமாம், வருஷா வருஷம் அவனேதான் தட்டிப் போடுவான். அன்னிக்கு அவன் பூ வாங்கப் போனானா, அந்த நேரம் பாத்து பூனை மெத்தையில ஒண்ணுக்கு போயிருச்சு. சிரிக்காதடி, கேளு! பழி நம்ம மேல விழுந்துருமேன்னு காத்தாயி ஓடிப்போயி மெத்தையைத் தூக்குனா.

ஆத்தாடி! மெத்தைக்குக் கீழ ஒரு கல்லு. கல்லு பூரா எழுத்து!

துணி மூட்டை மேல இருக்கற பேரைப் பாத்துப் பாத்தே எழுத்துக் கூட்டப் பழகுனவ அவ. ஒவ்வொண்ணாக் கூட்டிப் படிச்சா. மெத்தையை இருந்தபடியே போட்டுட்டு, எட்டி நின்னுக்கிட்டா.

கொஞ்ச நேரத்துல பூஜைக்குப் பட்டு எடுக்க ராசாவே வந்துட்டாரு. பின்னாடியே மொதலாளி ஓடியாந்து, "மகாராசா என் மெத்தையில உட்காரணும்"னு குழைஞ்சான்.

"ராசா, உட்காராதீங்க! மெத்தையைத் தூக்கிப் பாருங்க"ன்னா காத்தாயி.

"ஏய்!"னு கத்துனான் அவன். அதுக்குள்ள சேவகன் தூக்கிட்டான். ராசா அப்படியே ஆடிப்போயிட்டாரு.

"இது எங்க தாத்தா கடைவீதி முக்குல நட்ட கல்லாச்சே! வெள்ளத்துல போச்சுன்னில்ல சொன்னாங்க? யம்மா, அதுல என்ன இருக்குன்னு சத்தமாப் படி."

அவ படிச்சா: "வேலை பாக்குறவங்களுக்கு உட்கார எடம் குடுக்கணும். வயித்துல புள்ளையோட இருக்கறவளை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. மீறுனவன் அவங்களை எத்தனை நாள் நிக்க வச்சானோ அத்தனை நாள் தானும் நிக்கணும். இது ராசா ஆணை."

ஐயையோ, ஊருக்கே போட்ட சட்டத்தைத் திருடிட்டு வந்து, அது மேலயே மெத்தை விரிச்சு உட்கார்ந்திருக்கான் பாரு!

"அது பழைய கல்லு மகாராசா"ன்னு இழுத்தான்.

"கல்லு பழசுதான். இவ காலு இன்னிக்கும் வீங்கித்தானடா கெடக்கு! எத்தனை வருஷமா நிக்கிற, தாயி?"

"ஏழு வருஷம் ராசா."

"அப்ப ஏழு வருஷம் நில்லுடா!"ன்னுட்டாரு.

மறுநாள்ல இருந்து பொம்பளைங்க எல்லாருக்கும் முக்காலி வந்துச்சு. காத்தாயி உட்கார்ந்து சேலை மடிச்சா, மொதலாளி நின்னு விரிச்சுக் காட்டுனான். உச்சிப் பொழுதுக்குள்ளயே அவனுக்குக் காலு வெடவெடன்னு ஆடுச்சு. "கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா தாயி?"ன்னான். அப்பறம் கேட்டான். அப்பறமும் கேட்டான்.

காத்தாயி திண்டுல கெடந்த பூனையைத் தடவிக்கிட்டே, "லட்சுமி எழுந்து போயிருவா மொதலாளி, நில்லுங்க"ன்னா.

அந்தக் கல்லை மறுபடியும் கடைவீதி முக்குலயே நட்டாங்க. தை மாசம் காத்தாயிக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு, நல்லா கொழுகொழுன்னு. உட்கார எடம் கேக்கறது பிச்சை இல்ல, தெரிஞ்சுக்க. அவ காலு ஆறிப்போச்சு, என் வாயும் ஓஞ்சுபோச்சு, காலை நீட்டிப் படுடி.