வாகீசனின் வெள்ளைச் சுவர்

ஒரு விடுகதை போடுகிறேன். கண்ணுக்குத் தெரிந்தால் தாண்டிப் போவோம். தெரியாமல் போனால் அதன் மேலேயே ஆணி அடிப்போம். அது என்ன?

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். கதை முடியட்டும்.

வாகீசன் என்பவர் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்து வந்தார். அதற்கென்று ஓர் அறை. மேசை, கம்ப்யூட்டர், அதன் பின்னால் ஒயர்கள். கறுப்பு ஒயர், வெள்ளை ஒயர், எதற்கென்றே தெரியாத ஒரு சாம்பல் நிற ஒயர். பெருக்கினால் விளக்குமாற்றில் சுற்றிக்கொள்ளும். நாற்காலியை நகர்த்தினால் சக்கரத்தில் மாட்டும்.

அவருக்கு நப்பின்னை என்று ஒரு மகள். மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைவாள். ஒரு நாள் அவள் கால் ஒயரில் தட்டியது. முக்கியமான மீட்டிங் பாதியில் அறுந்தது. வாகீசன் கத்தினார். அவள் அழுதாள். அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

இனிக் கத்துவதில்லை என்று முடிவு செய்தார். ஒயர்களையும் கண்ணில் படாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தார். எலெக்ட்ரீஷியன் வந்து சுவரை வெட்டினார், குழாய் பதித்தார், எல்லா ஒயரையும் உள்ளே விட்டார். நடுவில் தூண் வந்ததால் ஓரிடத்தில் குழாய் சாய்வாகப் போயிற்று. பூசுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். வாகீசன் மீட்டிங்கில் இருந்தார். பூசுங்கள், பூசுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

சுவர் பளிச்சென்று ஆயிற்று. வாகீசனும் கத்துவதை விட்டார். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் நப்பின்னை அறைக்குள் வருவதில்லை. வாசலோடு நின்று, "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விடுவாள்.

அந்த ஊரில் ஒரு சிறிய மடத்தில் மெய்யப்பர் என்ற ஆசான் இருந்தார். வாகீசன் ஞாயிறுதோறும் அவரிடம் போவார். அறை சுத்தமானதையும் கோபம் ஒழிந்ததையும் சொன்னார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு, குழாய் எத்தனை கனம் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

மெய்யப்பர் கண்ணை மூடிக்கொண்டார். "வாகீசா, நீ கேள்வி கேக்க வந்தியா, சுவர் பூசின கதை சொல்ல வந்தியா?"

"கேள்விதான் ஐயா. கோபத்தை விட்டுட்டேன். குழந்தை ஏன் இன்னும் உள்ளே வரமாட்டேங்கிறா?"

"அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. மெய்யப்பர் பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் நப்பின்னை கூடத்தில் வரைந்துகொண்டிருந்தாள். மெய்யப்பரே கேட்டார். முன்பெல்லாம் அப்பா முகம் சிவக்கும், பேனாவால் மேசையைத் தட்டுவார், உடனே தள்ளிப் போய்விடலாம் என்றாள். இப்போது எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிறாராம்.

"சிரிச்சா நல்லதுதானே?"

"எப்ப தள்ளிப் போறதுன்னு தெரியலை" என்றாள் நப்பின்னை.

பக்கத்தில் நின்ற வாகீசன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மெய்யப்பர் ஒரு சுத்தியலும் ஆணியும் கேட்டு வாங்கினார். அவளை அறைக்குள் கூட்டிப்போனார். அவள் வரைந்த யானைப் படத்தை இந்தச் சுவரில் மாட்டலாம், இடத்தை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவள் நடுச்சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். அவள் மணிக்கட்டை மெய்யப்பர் விடாமல் பிடித்திருந்தார்.

"அடிக்காதே!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கத்திவிட்டு வாகீசன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"ஏம்ப்பா?" என்றார் மெய்யப்பர்.

"உள்ளே ஒயர் ஓடுது ஐயா. ஷாக் அடிச்சிடும்."

"எங்கே ஓடுதுன்னு காட்டு. தள்ளி அடிக்கட்டும்."

வாகீசன் சுவரைப் பார்த்தார். கையைத் தூக்கி இடப்பக்கம் காட்டினார். இல்லை, கொஞ்சம் மேலே என்றார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"தெரியலை ஐயா."

"அவளுக்கும் அதேதான்" என்றார் மெய்யப்பர். சுத்தியலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

மறுநாள் மாலை நப்பின்னை வழக்கம்போல அறை வாசலில் வந்து நின்றாள். வாகீசன் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்னைத் திட்டிட்டாங்க. ரொம்ப எரிச்சலா இருக்கேன்" என்றார். "உன் மேல இல்லை."

அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரைகிற நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, மேசைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.