ஒத்தக் கண்ணைத் திறந்துகிட்டே படுத்த ஒச்சப்பன்

இங்க வா தங்கம், தலகாணிய நேரா வை. ஏன் என் முந்தானைய இந்தப் பிடி பிடிக்கிற? நீ தூங்குனதும் அத்தை நைசா எந்திரிச்சுப் போயிருவேன்னு சந்தேகமா? சரிதான். அப்போ இந்தச் சந்தேகக்காரன் கதைய உனக்குத்தான் சொல்லணும். நடுவுல நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ஒச்சப்பன் இருந்தான். அவனுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் சிரிச்சா, "இவன் ஏன் சிரிக்கிறான்?" சிரிக்கலேன்னா, "இன்னிக்கு ஏன் சிரிக்கல?" நெல்லு போட்டு வச்ச அறைக்கு இந்தாத் தண்டிப் பூட்டு. அந்தச் சாவிய அரைஞாண் கயித்துல கோத்து இடுப்புலயே கட்டியிருப்பான். குளிக்கையில கூடக் கழட்ட மாட்டான். கட்டுன பொண்டாட்டி சிலம்பாயிகிட்டயும் குடுக்க மாட்டான். அவளுக்கு நெல்லு வேணும்னா இவனே வந்து திறந்து, இவனே எடுத்துக் குடுத்து, மறுபடி பூட்டி, பூட்ட இழுத்து இழுத்துப் பாப்பான். டக்கு, டக்கு, டக்கு.

ம் கொட்டு. ஆங்.

அப்புறம், அவனுக்கு எங்கேர்ந்து தூக்கம் வரும்? எலி கீச்சுன்னா எந்திரிப்பான். ஓலை சரசரன்னா எந்திரிப்பான். கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் ஆயிருச்சு. ஒரு நாள் மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டுப் போறப்ப அப்படியே சொக்கிட்டான். தொபுக்கடீர்! கீழ விழுந்துட்டான். சக்கரம் அவன் தலைய ஒட்டிக் கடகடன்னு உருண்டு போச்சு. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தா அவ்வளவுதான்.

சிலம்பாயி ஓன்னு அழுதா. "ஏங்க, இப்படியே போனா என்னைய விட்டுட்டுப் போயிருவீங்க. கொஞ்ச நேரம் தூங்குங்களேன்"னா.

பாவி மனுசன் என்ன நினைச்சான் தெரியுமா? "இவ எதுக்கு என்னையத் தூங்கச் சொல்றா?"

அப்போ அந்த ஊருக்கு ஒரு சாமியாரம்மா வந்தாங்க. சிலம்பாயி அவங்க கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துட்டா. அவங்க சொன்னாங்க, "இதுக்கு ஒரு வழி இருக்கு, யோக நித்திரைன்னு பேரு. மத்தியானம் சாப்பாடு செமிச்சதும் மல்லாந்து படுங்க. மனசுக்குள்ள ஒரு சங்கல்பம் வைங்க, எனக்கு இது நடக்கணும்னு. அத மூணு தடவ சொல்லிக்கிடுங்க. பலிக்கிற வரைக்கும் வெளிய சொல்லப்புடாது. அப்புறம் நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு அங்கமா நினைச்சுத் தளர விடுங்க."

புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பாயில படுத்தாங்க. ஒச்சப்பன் ஒத்தக் கண்ண மூடினான். இன்னொரு கண்ண மூடல.

சாமியாரம்மா மெதுவா, "வலது கைக் கட்டைவிரல நினை. அது தளருது"ன்னாங்க.

"கட்டைவிரலா! நான் அசந்ததும் மையத் தடவி, கைநாட்டு வாங்கி, தோட்டத்த எழுதிக்கிடப் போறாங்க!"ன்னு வெடுக்குனு விரல மடக்கி உள்ளங்கைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டான். அன்னிக்குத் தூக்கம் போச்சு.

ரெண்டாம் நாளு. கட்டைவிரல் தாண்டி, "காது தளருது"ன்னாங்க.

"ஆகா, என் கடுக்கன் மேல கண்ணு!" ரெண்டு கையாலயும் காத இறுக்கிப் பொத்திக்கிட்டான். அப்புறம் அவங்க சொன்னது ஒண்ணுமே கேக்கல. அன்னிக்கும் போச்சு. சிரிக்காத, தூங்கணும்.

மூணாம் நாளு, "இடுப்பு தளரு..."ன்னு அவங்க முடிக்கல. தடால்னு எந்திரிச்சுச் சாவியப் பிடிச்சுக்கிட்டுக் கொல்லைக்கு ஓடிட்டான்! ஓடுறப்ப திரும்பிப் பாத்தா, சிலம்பாயி கண்ண மூடிக்கிட்டு உதட்ட மட்டும் முணுமுணுக்குறா.

"ஏய், என்ன சங்கல்பம் வச்ச? சொல்லு!"

"சொல்லப்புடாதுங்க."

சாமியாரம்மா தலையில அடிச்சுக்கிட்டு, "இனி நீயே சொல்லிக் குடு தாயி"ன்னு கிளம்பிப் போயிட்டாங்க.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா?

அப்புறம் ஒச்சப்பன் ஒரு திட்டம் போட்டான். "நான் தூங்குற மாதிரி நடிக்கிறேன். இவ சாவிய எடுக்க வருவா. லபக்குனு பிடிச்சிர்றேன்." அவன் சங்கல்பமும் அதுதான்! "கள்ளியக் கையோட பிடிப்பேன், கள்ளியக் கையோட பிடிப்பேன், கள்ளியக் கையோட பிடிப்பேன்."

நடிப்பு நிஜமாட்டம் இருக்கணும்ல? அதனால ரெண்டு கண்ணையும் மூடினான். சிலம்பாயி கட்டைவிரல்னு சொன்னா, விரல விட்டான். காதுன்னா, காத விட்டான். இடுப்புன்னா, பல்லக் கடிச்சுக்கிட்டு இடுப்பையும் விட்டான். மூச்சு உள்ள போச்சு... வெளிய வந்துச்சு... உள்ள போச்சு...

கொர்ர்ர்ர்.

முழிச்சப்போ கொக்கரக்கோன்னு சத்தம். மத்தியானம் ஏதுடா சேவல்னு பாத்தா, மறுநாளே விடிஞ்சிருச்சு! அவன் கைக்குள்ள ஏதோ இருக்கு. பாத்தா, சிலம்பாயி மணிக்கட்டு.

"பிடிச்சுட்டேன்! என்ன எடுக்க வந்த?"

"ஒரு ஈ உங்க மூக்குல உக்காந்துச்சு, ஓட்ட வந்தேன். கப்புனு பிடிச்சுக்கிட்டீங்க. உருவினா முழிச்சிருவீங்களேன்னு அப்படியே உக்காந்துட்டேன்"னா. அடுப்பு மூட்டல. மாடு பசியில ம்மா ம்மான்னு கத்துது. அவ எந்திரிக்கல.

அவன் இடுப்பத் தடவுனான். சாவி வச்ச இடத்துலயே இருக்கு.

"அப்போ உன் சங்கல்பம்?"

"அதான் பலிச்சிருச்சே, இப்பச் சொல்லலாம். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாச்சும் நல்லாத் தூங்கணும். அவ்வளவுதாங்க."

ஒச்சப்பனுக்கு அழுகையா வந்துச்சு. சாவிய அவுத்து அவ கையில வச்சான். டிங்! கீழ விழுந்துருச்சு. விடிய விடியப் பிடிச்சிருந்ததுல அவ கை மரத்துப் போயி, விரல மடக்க முடியல. அவன் ஓடிப் போயி நல்லெண்ணெய் எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு விரலா நீவி விட்டான். கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிச்சான்.

என்ன கேட்ட? சந்தேகம் போயிருச்சாவா? எங்க போச்சு! பக்கத்து வீட்டுக்காரன் சிரிச்சா இன்னமும் ஏன்னு கேப்பான். ஆனா சிலம்பாயி பாய விரிச்சா மட்டும் ரெண்டு கண்ணையும் மூடிருவான்.

இப்ப நீயும் ஒரு சங்கல்பம் வை. சொல்லாத, எங்கிட்டயும் சொல்லாத. கட்டைவிரல் தளருது... காது தளருது... ஏய், அந்த ஒத்தக் கண்ணையும் மூடு. என்ன, முந்தானைய விட்டுட்டுக் கையப் பிடிக்கிற? பிடிச்சுக்கோ. மரத்துப் போனா போகுது, அத்தை எந்திரிக்க மாட்டேன். ஒச்சப்பனும் தூங்கிட்டான், கதையும் தூங்கிருச்சு. நீயும் தூங்கு.