வாசலில் சுருண்ட அழுங்கு

இலுப்பைக் காட்டில் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, இருந்தது. உடம்பெல்லாம் செதில். கறையான் என்றால் உயிர். அண்ணன் வளையில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது.

அண்ணி குட்டி போடும் நாள் நெருங்கியது. "தம்பி, உனக்கும் வயசாச்சு. மழைக்கு முன்னாடி ஒரு வேலையைத் தேடிக்கிட்டு வேற வளை பாரு. இங்கே இனி இடம் பத்தாது" என்றது அண்ணன்.

அழுங்கு தலை குனிந்தது. எத்தனை இடத்தில் வேலை கேட்டு, எத்தனை இடத்தில் கேலிப்பட்டிருக்கிறது!

கரடி ஒன்று இலுப்பைப்பூக் கிடங்கு வைத்திருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தால் தங்குவதற்கு வளையும் உண்டு. அழுங்கு போய் நின்றது.

"ஆந்தைப் பள்ளியிலே படிச்சு முடிச்சியா?" என்று கேட்டது கரடி.

"இல்லைங்க ஐயா. பாதியிலே வந்துட்டேன்."

"ஏன்?"

பள்ளியில் கிளிகள் எல்லாம் சேர்ந்து பாடம் கத்தினால் அழுங்குக்குத் தலை வெடித்துவிடும். சொல்ல வெட்கம். "சும்மாதான்" என்றது.

"சோம்பேறி போல! சரி, எதுவும் செய்வியா?"

"எது சொன்னாலும் செய்வேன் ஐயா!"

கழுத்தை நீட்டிக் கொடுப்பது இப்படித்தான்!

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். புதிதாக வருபவர் முதலில் வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்களை முகம் பார்த்துச் சிரித்து வரவேற்க வேண்டும். அதில் தேறினால்தான் உள்ளே வேலை. உள்ளே பூ அள்ளுவதற்குச் சிரிப்பு எதற்கு? எந்தப் புண்ணியவான் போட்ட வழக்கமோ!

காலையில் குரங்குக் கூட்டம் வந்தது. ஒன்று வாலை இழுத்தது. இன்னொன்று காதருகே கூவியது. "வாங்க" என்று சொல்ல வாயெடுத்த அழுங்கு, பட்டென்று பந்தாய்ச் சுருண்டது. வாசலுக்கு நட்டநடுவே!

"கரடியாரே, வாசல்லே பாறாங்கல்லைப் போட்டு வியாபாரமா?"

"கல்லு நல்லாத்தான் வரவேற்குது!"

குரங்குகள் அதை உருட்டி விளையாடின.

"எழுந்திருடா! மானத்தை வாங்காதே!" என்று கரடி கத்தியது. கத்தக் கத்த அழுங்கு இன்னும் இறுகியது.

கூட்டம் கலைந்த பிறகுதான் விரிந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் புதருக்குள் ஓடி ஒளிந்தது. செதிலுக்கு அடியில் உடம்பே கூசியது. வளைக்குப் போனால் "வேலை என்னாச்சு?" என்று அண்ணி கேட்கும். என்னவென்று சொல்வது?

வானம் கறுத்தது. இனி வேறு வழியில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து மறுபடி கிடங்குக்குப் போனது.

"வந்துட்டியா, கல்லு!" என்றது கரடி.

அழுங்கு தரையைப் பார்த்தபடியே பேசியது. "ஐயா, எதுவும் செய்வேன்னு சொன்னது பொய். கூச்சல்லே என் உடம்பு தானாச் சுருண்டுடும். பள்ளியை விட்டதும் அதனாலேதான். வாசல் எனக்கு ஆகாது. ஆனா உங்க சுவத்துலே கறையான் ஏறியிருக்கு. வாசல் வரைக்கும் வாசனை வருது. அதை நான் பார்த்துக்கறேன். ஒருத்தர் மட்டும் மெதுவா வந்து வேலையைச் சொன்னாப் போதும்."

"வாசல்லே நிக்க மாட்டே. அப்போ பாதிக் கூலிதான்!"

"சரிங்க ஐயா. கறையான்லே பாதியை விட்டுவெச்சாச் சம்மதமா?"

கரடிக்குச் சுருக்கென்றது. சுவரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"முழுக் கூலி! உள்ளே போடா!" என்று இரைந்தது. அழுங்கின் முதுகு வளையத் தொடங்கியதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தியது. "போப்பா... உள்ளே போ."

மழை பிடித்தபோது அழுங்கு கிடங்குக்குப் பின்னால் இருந்த வளையில் படுத்திருந்தது. குரங்குகள் கேலி செய்தால் இன்றைக்கும் அதற்குக் கூசும். கூசிக்கொண்டே வேலைக்குப் போகும்.

தன்னால் ஆகாததை ஒளித்து வேலை வாங்கி ஊர் நடுவே வெட்கப்படுவதைவிட, வெட்கத்தை விழுங்கி அதை முதலிலேயே சொல்லிப் பேரம் பேசுவதே மேல்.