தாழம்பூவின் கழுத்து

குதிரைப் படம் எழுதுவதில் அலர்மேலுக்கு இணை அந்தச் சீமையில் கிடையாது. பாளையக்காரர்களும் வணிகர்களும் தங்கள் குதிரையின் உருவம் வேண்டுமென்றால் அவள் பட்டறைக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவளிடம் தொழில் கற்ற மருதப்பன் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். குருவானாலும் அவள் அவனை 'அண்ணே' என்பாள். அவன் அவளை 'அம்மா' என்பான்.

அன்று பிற்பகல் தோளில் கயிற்றுச் சுருளும் கக்கத்தில் படமுமாக அவன் பட்டறை வாசலில் வந்து நின்ற வேகத்தில், புங்கமரத்துக் காக்கை எழும்பிப் பறந்தது.

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டார், அம்மா."

"பாளையக்காரரா? என்ன சொன்னார்?"

"'இது என் தாழம்பூ இல்லை'ன்னார். நிறம் சரியில்லையான்னு கேட்டேன். சரிதானாம். வால்? அதுவும் சரிதானாம். நெற்றிச் சுழி? அச்சு அசலாம். பிறகு என்னதான் குறைன்னா, 'அதைச் சொல்லத் தெரிஞ்சா நானே எழுதிக்க மாட்டேனா'ங்கிறார்!"

விடிந்தால் பாளையக்காரரின் பெண்குதிரை தாழம்பூ அரண்மனைக்குக் காணிக்கையாகப் போகிறாள். அவளுடைய பால் மறக்காத குட்டி இங்கேயே தங்கும். படமும் இங்கேயே தங்க வேண்டும். மருதப்பனை நம்பி அலர்மேல் விட்ட முதல் வேலை அது. இன்றைக்குள் முடியாவிட்டால் அவன் பழையபடி வண்ணம் அரைக்க உட்கார வேண்டியதுதான்.

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் நிற்கும் குதிரை. ஒரு கண், நாலு கால், நேரான கழுத்து. அந்தப் பட்டறையின் விதி அதுதான். அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"கழுத்து இவ்வளவு நேரா எப்படி நின்னது?"

"எங்கே நின்னது! குட்டியைப் பின்னால் கட்டியிருக்காங்க. நான் கோடு இழுக்கப் போனா தாய் திரும்பிப் பார்க்கும். சரி, குட்டியைக் கண்மறைவா கொண்டுபோங்கன்னேன். லாயமே இடியற மாதிரி கனைச்சுது. கடைசியில் ரெண்டு பக்கமும் தூணில் கழுத்தை இழுத்துக் கட்டினேன். அப்புறம்தான் நின்னுச்சு, சனியன்."

அலர்மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புங்கமரக் கிளையில் கட்டிய தூளியில் அவள் குழந்தை சிணுங்கியது. திரும்பிப் பார்த்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க, அம்மா! பொழுது சாயுது."

"சொல்றேன். அதுக்கு முன்னால் என்னைப் படம் எழுதுங்க."

"உங்களையா? இப்பவா?"

"பக்கவாட்டில். ஒரு கண். நேரான கழுத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு பலகையையும் கரித்துண்டையும் எடுத்தான். நெற்றி வந்தது. மூக்கு வருவதற்குள் தூளி அசைந்தது. அவள் திரும்பினாள்.

"கொஞ்சம் அசையாம இருங்க."

"இருக்கேன்."

தாடைக்கு வந்தான். தூளியில் ஒரு தும்மல். அவள் திரும்பினாள்.

"தும்மல்தான், அம்மா. குழந்தைன்னா தும்மும்."

"தெரியும்" என்றாள், திரும்பியபடியே.

கோட்டை அழித்தான். மறுபடி இழுத்தான். மறுபடி அழித்தான். பலகையெல்லாம் கரிப்புகை மாதிரி ஆனது.

"இப்படித் திரும்பிக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படித்தான் எழுதறது?"

"கயிறுதான் தோளில் இருக்கே, அண்ணே. கட்டிப் போடுங்க."

அவன் கை அப்படியே நின்றது.

தூளியில் இப்போது சத்தமே இல்லை. சிணுங்கலும் இல்லை, தும்மலும் இல்லை. அலர்மேல் எழுந்தே போய்விட்டாள். துணியை விலக்கிக் குனிந்து, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு படும்வரை நின்றாள். மருதப்பனுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

"அண்ணே, என் முகம் தெரியுதா?" திரும்பாமலே கேட்டாள்.

"எங்கே தெரியுது?"

"கண்ணு?"

"அதுவும் தெரியலை."

"யாருன்னு தெரியுதா?"

மருதப்பன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி மரத்தடியில் போட்டான். பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு லாயத்தை நோக்கி நடந்தான்.