ராஜாவின் கை நின்ற இடம்

அந்த மலைநாட்டில் பட்டத்துக்கு வருகிறவர், வேதச் சட்டத்தைத் தம் கையாலேயே பார்த்து எழுதி முடிக்க வேண்டும். புது ராஜாவும் எழுதிக்கொண்டுதான் வந்தார். ராஜா குதிரைகளைக் குவிக்கக் கூடாது என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் லாயத்திலோ இன்னொரு குதிரை கட்ட இடமில்லை.

மை அரைக்கும் ஏசேரைக் கூப்பிட்டு, மூலத் தோல் சுருளையும் கத்தியையும் நீட்டினார்.

“இந்த வரியைச் சுரண்டு. இல்லையென்றால் உன் தலை போகும்.”

ஏசேர் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

“சுரண்டிவிடுகிறேன் ராஜாவே. ஆனால் உங்களை ராஜாவாக்கிய வரியும் இதே தோலில்தான் இருக்கிறது, இதற்கு நேர் மேலே. சட்டத்தைச் சுரண்டலாம் என்று ஆகிவிட்டால், கத்தி வைத்திருக்கிற மற்றவர்கள் எந்த வரியோடு நிறுத்துவார்கள்?”

ராஜா நிமிர்ந்தார். வாசலில் சேனாபதி எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். அவர் கை இடுப்புக் கத்தியின் மேல் இருந்தது.

ராஜா குனிந்து அந்த வரியை எழுதினார்.