சூசைவிளைக்கு வந்த இரண்டு வெள்ளை அங்கிகள்

சூசைவிளைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதற்கு இம்மி கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த வம்பெல்லாம் இந்த நல்ல குணத்தால் வந்ததுதான்.

அதில் முதல் வரிசை ஆள் சந்தியாகு. அவனுடைய அக்கா கத்தரீனாள், மூத்த மகள் கல்யாணத்தின்போது, "பந்தலைப் பாத்துக்கோல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்தியாகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் அண்ணாந்து பந்தலையே பார்த்தான். கீழே ஆடு புகுந்து குலை வாழையைத் தின்றது. அது அவன் கண்ணில் படவில்லை. அவன் கண் பந்தலில் இருந்தது. கல்யாணம் முடிந்தும் ஒரு வாரம் கழுத்து இறங்கவில்லை. அன்றிலிருந்து கத்தரீனாள் தம்பியிடம் எந்த வேலையும் சொல்வதில்லை. சந்தியாகுக்கு அது பெரிய மனக்குறை. என்ன இருந்தாலும் தாய்மாமன் இல்லையா?

இப்போது கத்தரீனாள் மகனுக்குக் கல்யாணம். பெண் நற்செய்திபுரம். சூசைவிளை முழுக்கக் கத்தோலிக்க ஊர். சாமியார் வந்து பூசை வைப்பார். நற்செய்திபுரம் முழுக்கப் புராட்டஸ்டண்ட் ஊர். அங்கே போதகர்தான் எல்லாம். அவரை 'ஐயர்' என்பார்கள், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்பார்கள். சூசைவிளையில் ஒரு ஐயரைக் கிட்ட நின்று பார்த்தவர் யாருமில்லை.

பெண்ணின் அப்பா யோபு வாத்தியார் கண்டிப்பான மனுஷர். "கல்யாணம் உங்க கோயில்லயே நடக்கட்டும். ஆனா எங்க ஐயர் வந்து ஜெபம் பண்ணி, பிரசங்கமும் வைப்பார். அவர் மரியாதைக்கு ஒரு குறை வந்தாலும், பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

போதாததற்கு உள்ளூர்ப் பங்குச் சாமியார் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக டவுனிலிருந்து ஒரு சாமியார் வருகிறார். அவரையும் ஊரில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் எட்டு மணி பஸ்ஸில் வருகிறார்கள். வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை. வேறு வழியில்லாமல் கத்தரீனாள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏல சந்தியாகு, நல்லாக் கேட்டுக்கோ. சாமியாருக்குப் பொண்டாட்டி கிடையாது. ஐயர் சம்சாரத்தோட வருவாரு. ஐயரையும் அம்மாவையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பலகாரம் கொடு. சாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. பூசை முடியிற வரைக்கும் அவரு விரதம், திங்க எதுவும் கொடுத்துராத. முகத்துக்கு நேரா 'நீங்க யாரு'ன்னு கேட்டுத் தொலைக்காத, மரியாதை இல்ல."

சந்தியாகுக்கு நெஞ்சு விம்மியது. இதைத் தனியாகச் செய்ய முடியாது என்று தன் கூட்டாளிகள் தொம்மையையும் இஞ்ஞாசியையும் சேர்த்துக்கொண்டு ஏழு மணிக்கே போய் நின்றான்.

பஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. இரண்டு பேரும் வெள்ளை அங்கி. பின்னாலேயே குடையும் பையுமாக ஒரு அம்மாள் இறங்கி, சரியாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

கூட்டாளிகள் மூன்று பேரும் புளியமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"அம்மா யார் கூட வந்திருக்கா?" என்றான் சந்தியாகு.

"நடுவுலல்லா நிக்கா. பாதி இவருக்கு, பாதி அவருக்கு" என்றான் இஞ்ஞாசி.

"மனுஷியைப் பாதி பண்ண முடியாது வே. பொறுத்துப் பாப்போம்" என்றான் தொம்மை. அவன் கொஞ்சம் விவரமானவன் என்று ஊரில் பேச்சு.

அதற்குள் அந்த அம்மாள் நெட்டைக்காரரைப் பார்த்து, "முகம் துடைக்கிற கைலேஞ்சியை மறந்து வச்சிட்டு வந்தாச்சா? தலை ஒட்டியிருக்கப் போய்த் தப்பிச்சு, இல்லன்னா அதையும் மறந்திருப்பே" என்று சத்தம் போட்டாள். நெட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"சம்சாரமேதான்" என்றான் தொம்மை. மற்ற இரண்டு பேரும் கல்யாணமானவர்கள். உடனே ஒத்துக்கொண்டார்கள்.

உண்மையில் நெட்டைக்காரர்தான் டவுனிலிருந்து வந்த செபஸ்தி சாமியார். அந்த அம்மாள் அவருடைய கூடப்பிறந்த அக்கா மரியபுஷ்பம். குட்டைக்காரர்தான் தேவபிச்சை ஐயர். அவருடைய மனைவி மணப்பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு, பெண் வீட்டு வேனில் வருவதாக நின்றுவிட்டாள்.

இஞ்ஞாசி குட்டைக்காரரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். சந்தியாகும் தொம்மையும் நெட்டைக்காரரையும் அம்மாளையும் வீட்டுக்குக் கூட்டி வந்து, இலை போட்டு இடியாப்பம் வைத்தார்கள். மரியபுஷ்பம் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

"எனக்கு இப்ப வேண்டாம்பா. இவங்க சாப்பிடட்டும்" என்றார் நெட்டைக்காரர்.

"அப்ப ரெண்டு பேரும் அந்த ரூம்ல கொஞ்ச நேரம் சாஞ்சிக்கிடுங்க. கட்டில்ல புது விரிப்பு விரிச்சிருக்கு."

நெட்டைக்காரர் திடுக்கிட்டார். "இவங்க சாயட்டும். நான் வெளியிலேயே உக்காந்துக்கிடுதேன்."

தொம்மை சந்தியாகின் காதைக் கடித்தான். "சாப்பாடு வேண்டாங்காரு. ஒரே ரூம்ல இருக்க மாட்டேங்காரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை சரியில்ல மாப்ள."

சந்தியாகுக்குப் பகீர் என்றது. ஐயருக்கு ஒரு குறை வந்தால் வாத்தியார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரே! மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. அம்மாவும் நீங்களும் எத்தனை வருஷமா ஒண்ணா இருக்கீங்க?"

"நான் பிறந்ததிலிருந்துதான். என்னை இடுப்புல தூக்கி வளர்த்ததே இவங்கதானே" என்றார் அவர்.

தொம்மை சந்தியாகைக் கொஞ்சம் தள்ளி இழுத்தான்.

"பால்ய விவாகம்" என்றான் தொம்மை மெதுவாக.

"அதுக்காகத் தொட்டில்லயா வே?"

"அவங்க சபை வழக்கம் நமக்கென்ன தெரியும்?"

சந்தியாகு திரும்பி வந்து உட்கார்ந்தான். "இடுப்புல தூக்கி வளர்த்த அம்மாவை இப்ப ஒதுக்கலாமா ஐயா?"

"யாருப்பா ஒதுக்கினது? லீவு விட்டா நேரா இவங்க வீட்டுக்குத்தான் போறேன்."

"லீவு விட்டாத்தானா?" என்று கேட்கும்போது சந்தியாகுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்நேரம் இஞ்ஞாசி ஓடி வந்தான். "மாப்ள, இந்த மாதிரி ஒரு சாமியாரை நான் கண்டதே இல்ல! கோயிலுக்குள்ள போனதும் சனம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கட்டிருச்சு. சாமி நாற்காலியில உக்காந்து, 'உங்க பாவத்தை எங்கிட்ட ஏன் சொல்லுதீங்க? நேரா ஆண்டவர்கிட்ட சொல்லிருங்க'ங்காரு. முழங்கால் வலிக்கதுக்கு முன்ன எந்திரிச்சிரலாம். ஆறு வருஷமா கோயில் பக்கம் வராதவன்லாம் வந்து நிக்கான். அவருதான் பாவம், 'ஒரு வாய் காப்பி கிடைக்குமா'ன்னு நாலு தடவை கேட்டாரு. நான் கொடுப்பேனா?"

இதைக் கேட்ட நெட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரியாக அப்போது கத்தரீனாள் உள்ளே வந்தாள்.

"அக்கா, கவலைப்படாத. ஐயருக்கும் அம்மாவுக்கும் சின்ன மனத்தாங்கல். நான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றான் சந்தியாகு.

"நான் ஃபாதர் செபஸ்தி. இவங்க என் அக்கா" என்றார் நெட்டைக்காரர்.

கத்தரீனாள் தலையில் அடித்துக்கொண்டாள். சாமியாரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரைப் பூசைக்கு உடுத்துகிற அறைக்குத் தானே கூட்டிப் போனாள். போகிற போக்கில், "அங்க கோயில்ல பட்டினியாக் கிடக்கிறவருதான்ல ஐயரு! பொண்ணு வீட்டு வேன் வாறதுக்குள்ள ஐயரும் அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். போ!" என்று கத்திவிட்டுப் போனாள்.

சந்தியாகு யோசித்தான். ஐயர் கோயிலில் இருக்கிறார். அம்மா வீட்டில் இருக்கிறாள். சாமியாருக்கு அக்காவானால் என்ன, ஐயருக்குச் சம்சாரம்தானே. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. இடியாப்பச் சட்டியைத் தொம்மை தலையில் ஏற்றி, மரியபுஷ்பத்தைக் கையோடு கூட்டிப் போய், கோயில் வாசலில் ஐயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். இரண்டு பேருக்கும் ஒரே அளவில் மாலையும் போட்டான். முன்னால் இடம் கிடைத்ததே என்று மரியபுஷ்பத்துக்குச் சந்தோஷம். ஐயர் யார் எவர் என்று பார்க்கவில்லை, பசியில் இடியாப்பத்தில் கை வைத்துவிட்டார்.

வேன் வந்தது. முதல் ஆளாக ஒரு அம்மாள் இறங்கி விறுவிறுவென்று வந்தாள். மாலையும் கழுத்துமாக இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு இவங்க?" என்று சந்தியாகிடம் கேட்டாள்.

"ஐயரம்மா" என்றான் அவன் பணிவாக.

"அப்ப நான் யாரு? நான்தான்யா ஐயரம்மா!"

சந்தியாகும் கூட்டாளிகளும் தூணுக்குப் பின்னால் ஓடினார்கள்.

"பொண்டாட்டி இல்லாட்டி சாமியாரு" என்று விரல் விட்டு எண்ணினான் சந்தியாகு. "ஒண்ணு இருந்தா ஐயரு. ரெண்டு இருந்தா?"

இஞ்ஞாசி வாயைப் பிளந்தான். தொம்மை நெற்றியைச் சுருக்கினான். "ஐயரைவிட ஒரு படி மேல. அப்படின்னா... பிஷப்!"

"பிஷப்னா விரல்ல மோதிரம் இருக்கணுமே."

எட்டிப் பார்த்தார்கள். இடியாப்பத்துக்கு நடுவே ஐயரின் கல்யாண மோதிரம் பளபளவென்று மின்னியது.

பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. இஞ்ஞாசி ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தான். தொம்மை மாப்பிள்ளை வருகைக்கு வைத்திருந்த சரவெடியைக் கொளுத்தினான். பிஷப் வந்தால் மட்டும் எடுக்கிற முத்துக்குடையைச் சந்தியாகு தூக்கிவந்து ஐயர் தலைக்கு மேலே பிடித்தான். ஊரே முழங்காலில் நின்று வரிசையாக மோதிரத்தை முத்தமிட்டது. மோதிரத்தில் தேங்காய்ப்பால் ஒட்டியிருந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

கத்தரீனாள் ஓடி வந்து பார்த்து, தூணைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தாள்.

யோபு வாத்தியார் வேனை விட்டு இறங்கி, முத்துக்குடைக்குக் கீழே தங்கள் ஐயரைப் பார்த்தார். "எங்க ஊர்லகூட எங்க ஐயருக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததில்ல சம்பந்தி" என்று கத்தரீனாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு குறையென்ன? செபஸ்தி சாமியார் முப்பது நிமிஷத்தில் பூசையை முடித்துத் தாலி எடுத்துக் கொடுத்தார். தேவபிச்சை ஐயர் ஐம்பது நிமிஷம் பிரசங்கம் வைத்தார். ஐயரம்மாவும் மரியபுஷ்பமும் விஷயம் தெரிந்து, பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து புரை ஏறுகிற மட்டும் சிரித்தார்கள். "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்று வாத்தியார் நாலு பேர் முன்னால் சொன்னபோது, சந்தியாகுக்கு வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் செபஸ்தி சாமியார் ஒரு நோயாளியைப் பார்க்க ஊரிலேயே தங்கிவிட்டார். ஐயரும், ஐயரம்மாவும், மரியபுஷ்பமும் பஸ் ஏறினார்கள். கூட்டாளிகள் மூன்று பேரும் வழியனுப்ப வந்தார்கள். சந்தியாகு கண்டக்டரைத் தனியே கூப்பிட்டான்.

"வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லும் வே. உள்ள இருக்கிறது பிஷப்."

"எதை வச்சிச் சொல்லுதீரு?"

"ரெண்டு சம்சாரம்லா?"

கண்டக்டர் சிரித்தார். "அப்படிப் பாத்தா எங்க டிரைவருக்கும்தான் ரெண்டு வீடு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி, நடுரோட்டில் வரிசையாக முழங்காலிட்டு, டிரைவரை நோக்கிக் கைகூப்பினார்கள்.

டிரைவர் எவ்வளவோ ஹாரன் அடித்துப் பார்த்தார். ஆசீர்வாதம் கொடுக்காமல் பஸ் நகராது என்று தெரிந்ததும், ஜன்னல் வழியே கையை நீட்டிக் காற்றில் ஒரு சிலுவை போட்டுவிட்டு, கியரை மாற்றினார்.